ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை: கொங்கு நாட்டில் ஓராண்டு வேதவாசிப்பு

தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உள்ளிட்ட சபைகளில் வழங்கும் தமிழ்ப் பரிசுத்த வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 23 ஆகிறது. 52 வாரத்தில் 1,196. ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தைத் திறக்கிறவர் டிசம்பர் கடைசி வாரத்தில் வெளிப்படுத்தின விசேஷத்தை முடித்துவிடலாம். ஏழு அதிகாரத்துக்கான இடம் மிச்சமும் இருக்கும். கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்துச் சபைகளில் ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது.

இதே சபைகளில் இன்னொரு வழக்கமும் வேரூன்றியிருக்கிறது. புத்தாண்டு இரவு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அதில் வரும் வசனம் அந்த ஆண்டு முழுவதும் வீட்டுச் சுவரில் இருக்கும். தினசரி நாட்காட்டியில் ஒரு வசனம், தியான நூலில் அன்றைய தேதிக்கு ஒரு பக்கம், விடியற்காலையில் கைபேசிக்குப் பூப்படத்தோடு வந்து சேரும் ஒரு வரி என்று அதன் கிளைகள் பல.

இரண்டும் தியானம்தான். இரண்டையும் ஒரே வீட்டில் ஒரே ஆள் கடைப்பிடிப்பதும் உண்டு. ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. வரிசையாக, விடாமல், பிடிக்காத பக்கங்களையும் சேர்த்து வாசிப்பதுதான் சாதாரண விசுவாசியை வேதத்துக்கு உரிமையாளர் ஆக்குகிறது. தேர்ந்தெடுத்துத் தரப்படும் ஒற்றை வசனம் ஆறுதல் தரும். அந்த உரிமையைத் தராது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முறைவைத்து வாசிக்கும் மரபு

வேதத்தை நாள்கணக்கு வைத்து வாசிப்பது கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழக்கம். யூத ஜெப ஆலயங்களில் மோசேயின் ஐந்து புத்தகங்களையும் 54 பகுதிகளாகப் பிரித்து ஓராண்டில் வாசித்து முடிக்கும் முறை பாபிலோனிய யூதர்களிடம் உருவாகி இன்றுவரை தொடர்கிறது. பாலஸ்தீனத்தில் அதையே மூன்றாண்டுகளுக்குப் பரப்பி வாசித்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கு, 150 சங்கீதங்களையும் வாரத்துக்கு ஒருமுறை பாடி முடிக்கச் சொன்னது. 1549இல் இங்கிலாந்தில் கிரான்மர் வெளியிட்ட பொது ஜெபநூல் சங்கீதங்களுக்கு ஒரு மாதம், பழைய ஏற்பாட்டுக்கு ஓராண்டு என்று திட்டம் வகுத்தது. புதிய ஏற்பாட்டை ஆண்டுக்கு மூன்றுமுறை வாசிக்கச் செய்தது. மடத்துத் துறவிகளின் கடமை ஊர்க்கோவிலின் காலை மாலை ஆராதனைக்கு இறங்கிவந்த கட்டம் அது.

வீட்டுக்குள் அது நுழைந்தது இன்னும் பின்னால். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செயின் 1842இல் தம் சபையாருக்காக ஓர் அட்டவணை தயாரித்தார். பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறை என ஓராண்டுக்குள் வாசிக்க வேண்டும். பாதி குடும்ப ஜெபத்தில், மீதி தனியறையில். இன்று தமிழ்நாட்டில் புழங்கும் ஓராண்டு வாசிப்புத் திட்டங்கள் பலவற்றில் அதன் சாயலைக் காணலாம்.

ஒற்றை வசன மரபும் பழையதே. 1728 மே மாதம் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் சின்சென்டார்ஃப் பிரபு, மறுநாள் முழுவதும் மனத்தில் வைத்திருக்கும்படி தம் சமூகத்தாருக்கு ஒரு வசனம் கொடுத்தார். 1731 முதல் அது ஆண்டுதோறும் அச்சாகும் நூலானது. அந்த மொரேவியச் சகோதரர்களில் ஒரு குழு 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறியது. ஆக, முழுப் புத்தகத்தை வரிசையாக வாசிப்பதும், நாளுக்கொரு வசனத்தைப் பற்றிக்கொள்வதும் தமிழ்நாட்டுக்கு இரண்டு தனி ஊற்றுகளிலிருந்து வந்தவை.

தமிழருக்கு இவற்றில் எதுவும் அந்நியமாகத் தோன்றியிருக்காது. கொங்கு நாட்டுச் சிவாலயங்களில் திருவாசகத்தின் 51 பகுதிகளையும் ஒரே அமர்வில் ஓதி முடிக்கும் முற்றோதல் இன்றும் நடக்கிறது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கர்க்கடக மாதம் முழுக்க வீடுதோறும் ராமாயணம் வாசிக்கிறார்கள். உள்ளூர்ப் பள்ளிவாசல்களில் ரமலான் மாதத்தில் குர்ஆன் முழுமையாக ஓதப்படுகிறது. புனித நூலை முழுதாக ஓதவேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் எல்லாச் சமயத்தாருக்கும் பொது.

கொங்குக்கு வந்த புத்தகம்

ஓதுவது வேறு, தானே எழுத்துக்கூட்டி வாசிப்பது வேறு. பின்னதற்கு அச்சிட்ட நூல் வேண்டும். வாசிக்கத் தெரிந்த கண்ணும் வேண்டும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அவர் 1719இல் மறைந்தபின் பழைய ஏற்பாட்டுப் பணியை பெஞ்சமின் சூல்ட்சே தொடர்ந்து 1728இல் நிறைவு செய்தார். இந்திய மொழி ஒன்றில் முழு வேதாகமம் வந்தது அதுவே முதல்முறை. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பப்ரீசியஸின் மொழிபெயர்ப்பும், 1871இல் ஹென்றி பவர் தலைமையில் உருவான பதிப்பும் வந்தன. சி.எஸ்.ஐ. சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் இன்றும் மனப்பாடமாக ஒலிப்பது இந்த 1871 மரபின் நடைதான்.

கொங்குப் பகுதியில் கிறிஸ்தவத்தின் வேர் இதற்கும் முந்தையது. மதுரை மிஷனின் இயேசு சபைத் துறவிகள் காலத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இங்கே உண்டு. 1840களில் கோவை தனி மறைப்பணி வட்டாரமானபோது, பொறுப்பேற்ற பிரெஞ்சுக்காரர் பிரேசியாக், பழைய கத்தோலிக்க ஊரான கருமத்தம்பட்டியில் இருந்து பணியாற்றினார். புராட்டஸ்டன்ட் பணி 1830இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஆடிஸ் கோவைக்கு வந்ததோடு நிலைபெற்றது. பின்னர் ஈரோட்டில் ஆஸ்திரேலியரான பிரப் பணியாற்றினார். பிரப் ரோடு என்று ஈரோட்டுக்காரர்கள் சொல்வது அவர் பெயரைத்தான்.

ஈரோட்டுப் பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபைக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் அருந்ததியர். ஊர்ப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டவர்கள். பண்ணையத்தில் தலைமுறையாக உழைத்தவர்கள். அவர்களில் பலருடைய வீட்டுப் பேச்சு தெலுங்கு அல்லது கன்னடம். அவர்களுக்குத் தமிழ் வேதாகமம் ஒரே நேரத்தில் சமய நூலாகவும் பாடப்புத்தகமாகவும் இருந்தது. தன் பெயரை எழுதத் தடையிருந்த குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளை ராந்தல் வெளிச்சத்தில் விரல்வைத்து வரிவரியாகப் படித்துக்காட்ட, பெற்றோர் கேட்டுக்கொண்டிருப்பது சிறிய மாற்றமல்ல. குடும்ப ஜெபம் என்ற வழக்கத்தின் சமூக வலிமை இதில் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவர் வயதிலும் அதிகாரத்திலும் இளையவராக இருந்தாலும் அந்தப் பொழுதில் வீடு அவர் குரலுக்குச் செவிசாய்த்தது.

வாசிக்கத் தெரியாதவர்களும் விடுபட்டுப்போகவில்லை. ஈரோட்டில் பணியாற்றிய ஹெச்.ஏ. பாப்லி, கர்நாடக இசையை முறையாகக் கற்று, கதாகாலட்சேப வடிவில் வேதக் கதைகளைப் பாடிச் சொன்னார். 1921இல் இந்திய இசை பற்றியும், 1931இல் திருக்குறளிலிருந்து தெரிந்தெடுத்த குறள்களின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் நூலாக வெளியிட்டவர் அவர். தமிழின் செவிவழி மரபை அறிந்திருந்ததால், புத்தகத்தைக் கையில் எடுக்க முடியாதவருக்கும் அதன் கதைத்தொடர் போய்ச் சேர வழிசெய்தார்.

ஆண்டு நகரும் விதம்

வாரத்துக்கு 23 என்ற கணக்கில் வாசிக்கிறவருக்குப் பொங்கலை ஒட்டி ஆதியாகமம் முடியும். ஜனவரிக் கடைசியில் லேவியராகமம் தொடங்கும். தொடங்கியவர்களில் பலர் நின்றுவிடும் இடம் அதுதான். பலிகள், தோல்வியாதி, தீட்டு, சுத்திகரிப்பு என்று பெரும்பாலும் விதிகளே வரும். அதைக் கடந்தால் எண்ணாகமத்தின் பெயர்ப்பட்டியல்கள். மே மாதக் கடும் வெயிலில் யோபு. தென்மேற்குக் காற்று கணவாய் வழியே கோவைக்குள் புகுந்து சாரல் போடும் ஜூன் மாதத்தில் சங்கீதங்கள். ஆடிக்காற்றில் ஏசாயா, அது ஓய்ந்ததும் எரேமியா. அக்டோபர் இரண்டாம் வாரம், வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து மானாவாரிக் காடுகள் காத்திருக்கும்போது மல்கியா முடிந்து மத்தேயு தொடங்குகிறது.

ஒன்பது மாதத்துக்கு மேல் காத்திருந்த பிறகே வாசகர் இயேசுவின் பிறப்புக்கு வருகிறார். புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரங்களுக்கு எதிரே பழைய ஏற்பாட்டில் 929. இந்த நீண்ட காத்திருப்பு சலிப்பைத் தரும் என்பது உண்மை. மக்செயினின் அட்டவணை இரண்டையும் கலந்து கொடுக்கிறது. ஆனால் நேர்வரிசையில் வாசிப்பவருக்குக் கிடைக்கும் ஒன்று உண்டு. ரூத்தின் புத்தகத்தை வைத்து அதைப் பார்க்கலாம்.

பிப்ரவரியின் சட்டம், மார்ச்சின் வயல்

லேவியராகமம் 19ஆம் அதிகாரம் பிப்ரவரியின் முதல் சில நாள்களில் வரும். அறுவடையின்போது வயலின் ஓரங்களைத் தீர அறுக்கக்கூடாது, சிந்தியதைப் பொறுக்கக்கூடாது, அவை எளியவருக்கும் பரதேசிக்கும் உரியவை என்கிறது அது. உபாகமம் 24 பிப்ரவரிக் கடைசியில் இதையே திரும்பச் சொல்லி, அநாதையையும் விதவையையும் சேர்த்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய அதிகாரம், மோவாபியன் பத்தாம் தலைமுறையிலும் கர்த்தரின் சபைக்குள் வரக்கூடாது என்று கதவை அடைக்கிறது.

மார்ச் இரண்டாம் வாரத்தில் நியாயாதிபதிகள் முடிகிறது. கடைசி மூன்று அதிகாரங்களும் வேதத்திலேயே கொடியவை. பெத்லெகேமைச் சேர்ந்த ஒரு பெண் இரவு முழுவதும் சீரழிக்கப்பட்டு இறக்கிறாள். அதன் தொடர்ச்சியாக ஒரு கோத்திரமே அழியும் நிலைக்கு வருகிறது. குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் முன்னிலையில் வாசிக்க நாக்கூசும் பக்கங்கள் அவை.

பக்கத்தைத் திருப்பினால் ரூத். மோவாபியப் பெண், விதவை, பரதேசி. போகிற இடம் அதே பெத்லெகேம். வாற்கோதுமை அறுவடை வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குகிறாள். வயலுக்குரிய போவாஸ் தன் வேலைக்காரர்களிடம் அவளைத் தொடக்கூடாது என்று கட்டளையிடுகிறார். அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடவும் சொல்கிறார். கடலை பிடுங்கிய காட்டில் மண்ணைக் கிளறி மிச்சக் காயைப் பொறுக்கிப் பழகிய கொங்கு நாட்டுக் கூலிக் குடும்பத்துக்கு இந்தக் காட்சி உரையில்லாமலே விளங்கும். காட்டுக்காரர் துரத்துவாரா, விட்டுவிடுவாரா என்ற அச்சம் அவர்கள் அறிந்தது.

தொடர்ந்து வாசித்துவந்தவருக்கு இங்கே மூன்று செய்திகள் ஒன்றாகத் தெரிகின்றன. லேவியராகமத்தின் வறண்ட சட்டம் ஒரு வயலில் சோறாக மாறியிருக்கிறது. முந்தைய அதிகாரங்களில் பெத்லெகேம் பெண்ணுக்கு இல்லாத பாதுகாப்பு இந்த அந்நியப் பெண்ணுக்குப் பெத்லெகேமில் கிடைக்கிறது. உபாகமம் அடைத்த கதவு வழியாகவே மோவாபியப் பெண் ஒருத்தி தாவீதின் பாட்டனைப் பெற்ற தாயாக உள்ளே வருகிறாள். ஏழு மாதம் கழித்து அக்டோபரில் மத்தேயுவின் முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்சவரலாற்றில் ரூத் என்ற பெயரைக் காணும்போது, அந்தப் பட்டியல் வெறும் பெயர்வரிசையாக இருக்காது.

எபிரேய வேதத்தில் ரூத் வேறொரு பகுதியில் இருக்கிறது. நம் வேதாகமத்தில் நியாயாதிபதிகளை அடுத்து அது வருவது கிரேக்க மொழிபெயர்ப்பின் வரிசையால். அந்த வரிசை தரும் அர்த்தத்தைப் பெற ஒரே வழி, கசப்பான மூன்று அதிகாரங்களையும் வாசித்திருப்பதுதான். வாக்குத்தத்த அட்டையில் ரூத் வருமானால், கர்த்தரின் செட்டைகளின்கீழ் அடைக்கலம் தேடிவந்தவள் என்று போவாஸ் சொல்லும் ஆசீர்வாதம் வரும். அழகான வசனம். அந்த அடைக்கலம் ஒரு சட்டத்தாலும், அதை மதித்த ஒரு நிலவுடைமையாளராலும், துணிந்து நடந்த ஒரு பெண்ணாலும் கைகூடியது என்பது அட்டையில் வராது.

ஒற்றை வசனத்தின் ஈர்ப்பு

அட்டைகளிலும் சுவர்ப்படங்களிலும் அடிக்கடி இடம்பெறும் இன்னொரு வசனம் எரேமியா 29:11. உங்களுக்காக நான் நினைப்பது தீமையல்ல, சமாதானமே. எதிர்காலமும் நம்பிக்கையும் உண்டு என்பது அதன் கருத்து. தேர்வெழுதும் பிள்ளைக்கும் புதுத்தொழில் தொடங்குகிறவருக்கும் அது கொடுக்கப்படுகிறது.

அந்த அதிகாரம் ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியது. சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த தீர்க்கதரிசிகளை நம்பவேண்டாம் என்கிறது அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணமுடியுங்கள், போய்ச்சேர்ந்த நகரத்தின் நலனைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்கிறது. மீட்புக்கு 70 ஆண்டு ஆகும் என்று அந்த வசனத்துக்கு முந்தைய வசனம் சொல்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்க உயிரோடிருக்கப் போவதில்லை.

ஆண்டுவரிசையில் வாசிப்பவருக்கு இந்த அதிகாரம் ஆகஸ்ட் கடைசியில் வரும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் கோவைத் தொழிற்சாலைகளுக்கும் வேலை தேடிவந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் இங்கே ஏராளம். வாடகை வீட்டில், ஷிப்டு நேரத்துக்கு முன் வேதத்தைத் திறக்கிறவர் அந்தக் கடிதத்தை முழுதாக வாசித்தால், தனக்கு வரப்போகும் நன்மையைப் பற்றி மட்டும் யோசித்து நிறுத்த முடியாது. பிழைக்கவந்த ஊரின் நலன், சாயக்கழிவால் கெட்ட நொய்யல், பக்கத்து லயத்தில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளி ஆகிய எல்லாம் அவருடைய ஜெபத்துக்குள் வந்தாக வேண்டும்.

ஒற்றை வசனத்தை இகழ்வது என் நோக்கமல்ல. இரவு ஷிப்டு முடித்துவந்த உடம்புக்கு ஒரு வசனமே அதிகம். மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவருக்கு எண்ணாகமத்தின் பட்டியலைக் கொடுக்க முடியாது. அங்கே ஒரு வரி பெரிய பற்றுக்கோடு. அந்த வரியைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்பதே கேள்வி. அட்டையும் செயலியும் ஊழியரும் தேர்ந்துதரும் வசனங்களில் வாக்குறுதி மிகுந்தும் கண்டிப்பு குறைந்தும் இருப்பது இயல்பு. ஆண்டு முழுக்க அதை மட்டும் உண்பவருக்கு, கூலியை மறுநாள்வரை நிறுத்திவைக்கக்கூடாது என்ற லேவியராகமக் கட்டளையும் கள்ளத்தராசுக்கு எதிரான ஆமோஸின் கோபமும் கண்ணில் படாமலே போகலாம்.

அப்பாசாமி வகுத்த நான்கு பிரமாணங்கள்

இந்தச் சிக்கலைச் சிந்திக்க கோவைக்கே உரிய ஒரு வழிகாட்டி இருக்கிறார். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாகி, கோவைத் திருமண்டலம் 1950இல் அமைந்தபோது அதன் முதல் பேராயராக வந்தவர் ஏ.ஜே. அப்பாசாமி. 1891இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். ஹார்வர்டிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தவர். யோவான் சுவிசேஷத்தின் அனுபவ ஞானத்தை இந்து பக்தி இலக்கியத்தோடு ஒப்பிட்டு ஆக்ஸ்போர்டில் ஆய்வுசெய்தார். கிறிஸ்தவத்தை பக்தி மார்க்கமாக விளக்கும் நூலை 1927இல் வெளியிட்டார். 1959 வரை பேராயராக இருந்தார். சைவத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த அவருடைய தந்தை, முதிய வயதில் யோக முறையில் தியானம் பழகியவர்.

மாணிக்கவாசகரையும் இராமாநுசரையும் ஆழ்ந்து கற்ற அப்பாசாமிக்கு அனுபவம் பெரியது. சாது சுந்தர்சிங்கைப் பற்றி ஸ்ட்ரீட்டரோடு சேர்ந்து 1921இல் நூல் எழுதியவர், அனுபவத்தைக் குறைத்து மதிப்பவர் அல்ல. ஆனாலும் எதை நம்புவது என்ற கேள்விக்கு அவர் அனுபவத்தை மட்டும் ஆதாரமாக வைக்கவில்லை. இந்தியத் தத்துவ மரபின் பிரமாணம் என்ற கருத்தை எடுத்துக்கொண்டு சுருதி, அனுபவம், யுக்தி, சபை என நான்கைச் சொன்னார். வேதம், தனிப்பட்ட அனுபவம், பகுத்தறிவு, திருச்சபையின் கூட்டு நினைவு ஆகிய நான்கும் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டும்.

தினசரி தியானத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் குறை எங்கே என்று தெரிகிறது. இன்று எனக்குக் கிடைத்த வசனம் என்ற முறையில் அனுபவம் ஓங்கி நிற்கிறது. சுருதி துண்டாகிவிடுகிறது. இது யாருக்கு, எப்போது, ஏன் எழுதப்பட்டது என்று கேட்கும் யுக்திக்கு வேலையில்லை. கைபேசித் திரையில் தனியே வாசிப்பதால் சபையும் விலகிப்போகிறது. தொடர் வாசிப்பு சுருதியை முழுமையாக முன்வைக்கிறது. முரண்படும் பக்கங்களை அடுத்தடுத்து வைத்து யுக்தியை எழுப்புகிறது. சபை சேர்ந்து ஒரே அட்டவணையைப் பின்பற்றினால் நான்காவது பிரமாணமும் வந்துசேர்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு வேறு பாதையில் வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் விசுவாசிகள் எல்லாரும் விவிலியத்தை வாசிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 1969இல் வந்த புதிய வாசக ஒழுங்கு ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுற்றும், வாரநாள் முதல் வாசகங்களுக்கு ஈராண்டுச் சுற்றும் அமைத்தது. 1995இல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பாக வந்தது. கருமத்தம்பட்டியில் காலைத் திருப்பலிக்குப் போகும் பாட்டியும், பாரிசில் திருப்பலிக்குப் போகிறவரும் அன்று கேட்பது ஒரே வாசகம். எல்லாப் பகுதிகளும் அதில் வருவதில்லை. ஆனால் தேர்வு தனியாளின் விருப்பத்தில் இல்லை.

செய்ய வேண்டியது

லேவியராகமத்தில் நின்றுவிடுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று கடிந்துகொள்வதால் பயனில்லை. நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் விடியற்காலை முதல் நண்பகல்வரை நியாயப்பிரமாணம் வாசிக்கப்பட்டபோது, லேவியர் கூட்டத்தின் நடுவே நின்று அர்த்தம் சொன்னார்கள். அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய அதிகாரி ரதத்தில் தானே ஏசாயாவை வாசிக்கிறார். ஆனாலும் விளக்க ஒருவர் வேண்டும் என்று பிலிப்புவை ஏறி உட்காரச் சொல்கிறார். வாசிப்பும் விளக்கமும் சேர்ந்தே நடந்திருக்கின்றன.

கொங்குச் சபைகளிடம் இதற்கு வேண்டியவை எல்லாம் உண்டு. அந்தந்த வாரம் சபையார் வாசிக்கும் 23 அதிகாரங்களிலிருந்தே ஞாயிற்றுப் பிரசங்கத்தை எடுக்கலாம். நியாயாதிபதிகள் 19 வரும் வாரத்தில் பெண்கள் மீதான வன்முறையைப் பற்றிப் பீடத்திலிருந்து பேசலாம். அந்த அதிகாரம் வேதத்தில் இருப்பதே அதற்குப் போதுமான அனுமதி. கண்பார்வை மங்கியவர்களும் தறிக்கூடத்தில் நிற்பவர்களும் ஒலிவடிவ வேதாகமத்தை அதே வரிசையில் கேட்கலாம். ஓராண்டில் முடியாவிட்டால் இரண்டாண்டோ மூன்றாண்டோ எடுத்துக்கொள்ளலாம். மூன்றாண்டுச் சுற்றுக்குப் பாலஸ்தீன ஜெப ஆலயங்களின் முன்மாதிரி இருக்கிறது. கடைசிவரை போவதும், எந்தப் பக்கத்தையும் மற்றவர் நமக்காகத் தாண்டிப்போக விடாததும் முக்கியம்.

எழுத்து மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ஆசிரியர்களாக, செவிலியர்களாக, போதகர்களாக இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வேதாகமத்தில் 1,189 அதிகாரங்களும் இருக்கின்றன. அவற்றில் சில நூறு வசனங்களை மட்டும் சுற்றிச்சுற்றி வாசிக்கும் நிலைக்கு ஒரு சமூகம் வருமானால், கைக்கு வந்த நூலின் பெரும்பகுதியைத் தானே திருப்பிக் கொடுத்ததாக ஆகும். நாளுக்கு மூன்று அதிகாரம் வாசிக்க ஏறத்தாழ கால்மணி நேரம் போதும். முன்னோர் பாடுபட்டுப் பெற்ற உரிமையைக் காத்துக்கொள்ள அது பெரிய விலையல்ல.